தோல் மணம்: மிக அதிகம்

ஆம்பூரில் முதன்முறையாக பஸ்ஸை விட்டு இறங்குகிறவன் மூக்கைப் பொத்திக்கொள்வான். இரண்டு நாளில் கையை எடுத்துவிடுவான். ஒரு வாரம் தங்கினால், "நாற்றமா? எங்கே?" என்று நம்மையே திருப்பிக் கேட்பான். அன்று முதல் அவன் ஊர்க்காரன். பச்சைத்தோலும் சுண்ணாம்புத் தொட்டியும் ஆவாரம்பட்டையும் பாலாற்று மணலில் இறங்கும் கழிவுநீரும் சேர்ந்து கிளப்புகிற அந்த வாசனையில்தான் ஊருக்கு அடுப்பு எரிகிறது. அதைக் குறை சொல்ல இந்தக் கதைக்கு யோக்கியதை கிடையாது.

இப்பேர்ப்பட்ட ஊரில், இந்தப் பக்கம் தோல் பதனிடுகிற ஒரு டேனரி, அந்தப் பக்கம் ஒரு டேனரி, நடுவில் ஒரு பழைய பங்களாவைப் பிடித்து, உயர்ரகச் சுருட்டுகளின் மணத்தையும் கட்டுமானத்தையும் சோதித்து மதிப்பெண் போட அரசாங்கம் ஒரு நிலையம் திறந்தது. எமர்ஜென்சி முடிந்து ஒரு வருஷம் ஆகியிருந்த சமயம். வாசலில் 'ஏற்றுமதிச் சுருட்டுத் தர மதிப்பீட்டு நிலையம்' என்று பலகை மாட்டினார்கள். சுருட்டுக்குப் பேர்போன திண்டுக்கல் இருக்கிறது, உறையூர் இருக்கிறது, ஆம்பூருக்கு என்ன வந்தது என்று யாரும் கேட்கவில்லை. பக்கத்துப் பேரணாம்பட்டில் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுகிறார்கள் என்று டெல்லியில் யாரோ படித்திருந்தார். பீடியும் சுருட்டும் அண்ணன் தம்பி. அண்ணனைத் தம்பி வீட்டுப் பக்கத்திலேயே வைத்து விசாரித்துவிடலாம் என்று முடிவாகிவிட்டது.

அந்த நிலையத்துக்கு எம்ப்ளாய்மென்ட் ஆபீஸிலிருந்து அனுப்பப்பட்டவன் சுந்தர்ராஜ். மிஷன் பள்ளிக்கூடத்தில் யாராவது டீச்சர் பிரசவத்துக்குப் போனால் அந்த இடத்தில் பாடம் எடுப்பான். டீச்சர் கைக்குழந்தையோடு திரும்பி வந்ததும் இவன் வீட்டுக்குத் திரும்புவான். ஊரில் எந்த டீச்சருக்கு நாள் தள்ளிப்போகிறது என்று கவலையோடு விசாரிக்கிற ஒரே ஆண்பிள்ளை அவன்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் சண்டே ஸ்கூல் நடத்துவான். அதற்குச் சம்பளம் பரலோகத்தில்.

பூலோகச் செலவை அவன் மனைவி ஜெயபுஷ்பம் பார்த்துக்கொண்டாள். ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்தோல், தைக்கிற வேலை. விடிவதற்கு முன்னால் தெருமுனையில் கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடிக்கும். அடித்த அரை நிமிஷத்தில் ஏறவில்லை என்றால் போய்விடும், அன்றைய கூலியும் அதோடு போய்விடும். பகலெல்லாம் டியூப்லைட்டுக்குக் கீழே கறுப்புத்தோலில் கறுப்பு நூலைப் பார்த்துப் பார்த்து அவள் கண்ணில் எப்போதும் நீர் வடிந்துகொண்டே இருந்தது. ஊசியில் நூல் கோக்க மகள் பொன்மலரைக் கூப்பிடவேண்டிய நிலைமை வந்திருந்தது.

நேர்முகத் தேர்வு அன்று நிலையத்தின் இயக்குநர் அவனை மேலும் கீழும் பார்த்தார். சென்னையிலிருந்து வந்தவர். சட்டைப்பையில் எந்நேரமும் யூக்லிப்டஸ் தைலம் நனைத்த கைக்குட்டை வைத்திருப்பார். பேசும்போது மட்டும் அதை மூக்கிலிருந்து எடுப்பார்.

"சுருட்டு பிடிப்பீரா?"

"கிடையாது சார்."

"பீடி, சிகரெட்?"

"இல்ல சார். சர்ச்ல சண்டே ஸ்கூல் எடுக்கிறேன்."

"வெற்றிலை பாக்காவது?"

"கல்யாண வூட்ல குடுத்தா கூட வாங்கறதில்ல சார்."

வேலை கையை விட்டுப் போய்விட்டது என்று சுந்தர்ராஜ் சர்டிபிகேட்டுகளை அடுக்க ஆரம்பித்தான். இயக்குநரோ நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"இதுதானய்யா நாக்கு! கறை படாத நாக்கு! சுருட்டுப் பிடிக்கிறவனைக் கொண்டு சுருட்டை மதிப்பிடலாமா? அவனுக்கு அதில் ஆசை இருக்கும். ஆசை இருக்கிற இடத்தில் நியாயம் இருக்குமா? நான்கூட வாழ்நாளில் சுருட்டைத் தொட்டதில்லை. இந்தத் துறையைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. அதனால்தான் என்னை இதற்குத் தலைவராகப் போட்டிருக்கிறார்கள்."

சுவை மதிப்பீட்டாளர், தாற்காலிகம், பணித்திறன் கண்டு பின்னர் நிரந்தரம் செய்யப்படும் என்று உத்தரவு வந்தது. சுருட்டுப் பிடிக்கிற உத்தியோகம் என்பதை மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று சுந்தர்ராஜுக்கு ஒரு நாள் முழுக்கக் குழப்பம். ஜெயபுஷ்பம் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அரைக்காசு உத்தியோகம் என்றாலும் அரண்மனை உத்தியோகம் அல்லவா.

"எப்ப பர்மனென்ட் பண்ணுவாங்களாம்?" என்றாள்.

"வேலைய பாத்துட்டுப் பண்ணுவாங்களாம்."

"நல்லா பாக்கட்டும். நீங்க பர்மனென்ட் ஆன மறுநாள் இருக்குது பாருங்க, அந்த பஸ்காரன் ஹாரன் அடிச்சினே இருக்கட்டும். நான் எழுந்து கதவக் கூட தொறக்கமாட்டேன், ஆமா. நல்லா வெயிலு மூஞ்சில அடிக்கிற வரைக்கும் தூங்கப்போறேன்."

அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான். நகை கேட்கவில்லை, வீடு கேட்கவில்லை. வெயில் முகத்தில் அடிக்கிறவரை ஒரு தூக்கம். அதை வாங்கிக் கொடுக்கத்தான் சுந்தர்ராஜ் மறுநாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நிலையத்துக்குப் போனான்.

அவனோடு வேலைக்குச் சேர்ந்த இன்னொரு மதிப்பீட்டாளர் சர்தார் பாஷா. டேனரியில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்று தோல் மிதித்தே தலை நரைத்தவர். அவருக்கு வாசனை என்பது போய் ரொம்பக் காலமாகிவிட்டது. வீட்டில் பிரியாணி தீய்ந்துபோனால்கூடப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொன்னால்தான் தெரியும். விண்ணப்பத்தில் 'தோல் துறையில் அனுபவம் உண்டா?' என்று ஒரு கேள்வி இருந்தது. உண்டு என்று எழுதினார். தினக்கூலிக்கு எடுத்துக்கொண்டார்கள்.

தோலுக்கும் சுருட்டுக்கும் என்ன சம்பந்தம் என்பது பயிற்சியின் முதல் நாளில் விளங்கியது. வெளிநாட்டிலிருந்து ஒரு கையேடு வரவழைத்து, சுருட்டு பற்றியோ சுவை பற்றியோ முன்முடிவு எதுவும் இல்லாத ஒரு மொழிபெயர்ப்புப் பிரிவிடம் கொடுத்துத் தமிழில் ஆக்கியிருந்தார்கள். நல்ல சுருட்டு என்றால் வெளியிலை நரம்பு தெரியாமல் வழவழப்பாக இருக்கவேண்டும், அதற்கு அடியில் சுற்றுகிற கட்டு இலை இறுக்கிப் பிடித்திருக்கவேண்டும், உள்ளிலை புகைக்கு வழிவிடவேண்டும். இது கட்டுமானம். பிறகு மணம். தேவதாரு, காப்பிக்கொட்டை, வைக்கோல், மழையில் நனைந்த மண், பதனிட்ட தோல் என்று வரிசையாக இருந்தது. இதில் பதனிட்ட தோலின் மணம் வந்துவிட்டால் அது சுருட்டுகளில் ராஜா என்று கையேடு சொன்னது. தேவதாரு மணம் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. பென்சில் சீவினால் வருகிற வாசனையாக இருக்கும் என்று சுந்தர்ராஜ் ஒரு ஊகத்தில் சொன்னான். அலுவலகத்துக்குள் பென்சில் சீவ அன்றே தடை போட்டார் இயக்குநர்.

முதல் மதிப்பீடு ஒரு திங்கட்கிழமை நடந்தது. அரக்கு முத்திரை வைத்த பெட்டியை மேஜை நடுவில் வைத்து, கண்ணை மூடி முகரச் சொன்னார்கள். இயக்குநர் ஒரு நொடி கைக்குட்டையை விலக்கினார். ஜன்னல் வழியாக டேனரிக் காற்று தாராளமாக வந்தது.

"தோல்!" என்று கத்தினார். "பதனிட்ட தோல்! எழுதுங்கள், மிக அதிகம்!"

சர்தார் பாஷா குனிந்து, "வாத்தியாரே, பொட்டிய இன்னும் தொறக்கவே இல்லியே?" என்றார் மெதுவாக.

சுந்தர்ராஜுக்குச் சண்டே ஸ்கூல் மனசாட்சி. எழுந்து நின்றான். "சார், அது வந்து... ஜன்னல் வழியா வருது சார். அந்தாண்ட டேனரி."

இயக்குநர் கையேட்டின் மண அட்டவணையை அவன் பக்கம் திருப்பி வைத்தார். "இதில் ஜன்னல் என்று ஏதாவது இருக்கிறதா?"

"இல்ல சார்."

"டேனரி?"

"இல்ல சார்."

"அட்டவணையில் இல்லாதது எப்படி மணக்கும்? உட்காரும். நீர் தாற்காலிகம்தான் என்பதை மறந்துவிட்டீர்."

மறக்கவில்லை, நினைத்துக்கொண்டான். எழுதினான்: தோல் மணம், மிக அதிகம். அன்றிலிருந்து அங்கே வந்த சுருட்டு ஒன்று விடாமல் ராஜாவாகிவிட்டது. வயலோரத்துக் கிழவர்கள் பிடிக்கிற மலிவுச் சுருட்டு ஒரு கட்டு தவறுதலாக வந்து சேர்ந்தது, அதுவும் ராஜா. உலகத்தில் எந்தச் சோதனைக்கூடத்திலும் இவ்வளவு தோல் மணம் கண்டுபிடிக்கப்பட்டதில்லை என்று டெல்லியிலிருந்து பாராட்டு வந்தது. இயக்குநர் அதற்குச் சட்டம் போட்டு மாட்டினார்.

சாம்பல் சோதனை என்று ஒன்று இருந்தது. நல்ல கட்டுமானம் உள்ள சுருட்டின் சாம்பல் உதிராமல் விரல் நீளத்துக்கு நிற்கும் என்று கையேடு சொல்லியிருந்தது. அதற்காக மதிப்பீட்டு அறையில் மின்விசிறியை நிறுத்தினார்கள், பிறகு கழற்றியே விட்டார்கள். மே மாதத்து ஆம்பூர் வெயிலில், புகை மண்டிய அறையில் இருவரும் சிலை மாதிரி உட்கார்ந்து சாம்பலை வளர்த்தார்கள். வளர்ந்த சாம்பலைக் கண்ணாடிக் கூண்டில் எடுத்து வைத்தார்கள். சுற்றறிக்கை ஒன்று சுவரில் ஒட்டப்பட்டது: சாம்பல் தானாக விழுந்தால் சுருட்டின் குற்றம். மதிப்பீட்டாளர் இருமியதால் விழுந்தால் மதிப்பீட்டாளரின் குற்றம். அது அவரது நிரந்தரம் குறித்த கோப்பில் சேர்க்கப்படும்.

அதற்குப் பிறகு சுந்தர்ராஜ் இருமுவதை விட்டான். இருமல் வந்தால் கண்ணை மூடிப் பைபிளிலிருந்து ஒரு சங்கீதத்தை மனதுக்குள் சொல்லுவான். அது உள்ளேயே இறங்கி எங்கேயோ தங்கிவிடும்.

அந்த நாளில் அவர்கள் புகையை வாயில் வைத்து, ருசி பார்த்து, வெளியே விட்டுக்கொண்டிருந்தார்கள். சுருட்டுப் பிடிக்கிற முறை அதுதான். அந்த முறைக்கும் ஆபத்து தணிக்கைக்காரர் ரூபத்தில் வந்தது. கணக்குப் பார்க்க வந்தவர் அறைக்கு வெளியே நின்று வெகுநேரம் கூரையைப் பார்த்தார். அரசுப் பணத்தில் வாங்கிய சுருட்டின் புகையில் பெரும்பகுதி, பணியாளர்களால் பயன்படுத்தப்படாமலேயே ஜன்னல் வழியாக வெளியேற்றப்படுகிறது, இந்த விரயத்துக்கு யார் பொறுப்பு என்று எழுதிவிட்டுப் போனார். இயக்குநர் நடுங்கிவிட்டார். மறுநாளே உத்தரவு: இனிப் புகையை முழுமையாக உள்ளே இழுக்கவேண்டும். வெளியே வருவது கண்ணுக்குத் தெரியக்கூடாது.

"அரே, இது என்ன பேஜாரு?" என்றார் சர்தார் பாஷா. "இழுத்தா நெஞ்சு வெந்து போய்டும் வாத்தியாரே. நான் கூலிக்காரன், அவுங்க அந்தாண்ட திரும்பனா ஊதிட்றேன். நீயும் ஊதிடு."

"யாராவது பாத்துட்டா, பாய்?"

"பாத்தா இன்னா? வூட்டுக்கு அனுப்புவான். எனக்கு வூடு தெரியும்."

சுந்தர்ராஜ் ஊதவில்லை. அவனுக்குப் பின்னால் கம்பெனி பஸ்ஸின் ஹாரன் கேட்டுக்கொண்டே இருந்தது. விதிப்படி இழுத்தான், விதிப்படி விழுங்கினான். நேர்மைக்காரனிடம் ஒரு தப்பான விதியைக் கொடுத்துவிட்டால் அவனைக் கொல்ல வேறு ஆள் தேவையில்லை.

ஒரு தீபாவளிக்கு முன்னால் போனஸ் கேட்டு டேனரிகளில் வேலைநிறுத்தம் நடந்தது. தொட்டிகள் காய்ந்தன. ஏலகிரிப் பக்கமிருந்து வந்த காற்றை ஊர் முதன்முறையாகச் சுத்தமாக முகர்ந்தது. முகர்ந்து, ஏதோ குறைகிறதே என்று திகைத்தது. நிலையத்தில் திகில். பெட்டியை முகர்ந்தால் வெறும் புகையிலை. தோல் மணம், இல்லை. அடுத்த பெட்டி, இல்லை. தேசத்தின் சுருட்டுத் தரம் ஒரே வாரத்தில் வீழ்ந்துவிட்டதாக அறிக்கை போயிற்று. திண்டுக்கல்லில் எந்தப் பாவமும் அறியாத ஒரு வியாபாரியின் சரக்கு முழுவதையும் நிராகரித்தார்கள். அந்த மனிதர் ரயிலேறி வந்து, தாத்தா காலத்து முறையில் சுற்றியது என்று கைகூப்பி அழுதார். தாத்தாவிடம் விளக்கம் கேட்கும்படி சொல்லி அனுப்பினார் இயக்குநர்.

டெல்லியிலிருந்து காரணம் கேட்டு மூன்று தந்திகள் வந்தன. இயக்குநர் தீவிரமாக யோசித்து, சர்தார் பாஷாவை அழைத்தார். பாஷா தன் பழைய முதலாளியிடம் பேசி, தொட்டியிலிருந்து எடுத்து விற்கமுடியாமல் கிடந்த ஈரத்தோல்களை மாட்டுவண்டியில் கொண்டுவந்து சேர்த்தார். மதிப்பீட்டு அறையில் குறுக்கும் நெடுக்கும் கொடி கட்டி, துணி உலர்த்துவது மாதிரி அவற்றைத் தொங்கவிட்டார்கள். சுந்தர்ராஜின் தலைக்கு மேலே ஒரு எருமைத்தோல் சொட்டிக்கொண்டிருந்தது. வாங்கிய செலவுக்குக் கணக்கில் 'மதிப்பீட்டுத் துணைக்கருவிகள்' என்று தலைப்பிட்டார்கள். தரம் மீண்டும் உயர்ந்தது. வேலைநிறுத்தம் முடிந்து டேனரிகள் திறந்த பிறகும், முன்னெச்சரிக்கையாக இருக்கட்டும் என்று தோல்களை எடுக்கவில்லை.

இதற்கு நடுவில் சர்ச்சில் வேறொரு மதிப்பீடு நடந்தது. சண்டே ஸ்கூல் பிள்ளைகள் வீட்டுக்குப் போய், "வாத்தியார் ஜெபம் பண்ணா சுருட்டு நாத்தம் அடிக்குது" என்று சொல்லிவிட்டார்கள். போதகர் அவனைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனிதர், வருத்தத்தோடுதான் கேட்டார்.

"தம்பி, நீ புகைக்கிறது வேலைக்காகன்னு உங்க ஆபீஸ்ல ஒரு வார்த்தை எழுதி வாங்கியாந்துடு. கமிட்டில நான் பேசிக்கிறேன்."

சுந்தர்ராஜ் இயக்குநரிடம் போய் நின்றான். அவர் முகம் சிவந்துவிட்டது.

"யார் புகைப்பது? சுவரைப் பாரும்!" சுவரில், மற்ற அரசு அலுவலகங்களில் இருப்பது போலவே, 'புகை பிடிக்காதீர்' என்று பலகை தொங்கியது. "இது அரசு அலுவலகம். இங்கே எவனும் புகைப்பதில்லை. இங்கே மதிப்பீடு நடக்கிறது. புகை அதில் தானாக ஏற்படுகிறது. புகைக்கிறவன் என்று உமக்கு நான் எழுதிக் கொடுத்தால், அலுவலக நேரத்தில் புகைத்ததற்காக உம்மீதே நடவடிக்கை எடுக்கவேண்டியிருக்கும். எழுதட்டுமா?"

"வேணாம் சார்."

சண்டே ஸ்கூலை வேறொருவரிடம் ஒப்படைத்தார்கள். சுந்தர்ராஜ் கடைசி பெஞ்சுக்கு நகர்ந்தான். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். அன்று இரவுச் சோற்றில் அவன் கை வைக்கவில்லை. ஜெயபுஷ்பம் வற்புறுத்தவும் இல்லை. "பர்மனென்ட் ஆவட்டும், எல்லாம் சரியாப் போய்டும்," என்றாள். சொல்லிவிட்டு ஊசியையும் நூலையும் மகளிடம் நீட்டினாள்.

வருஷங்கள் ஓடின. தெருவில் முதல் டெலிவிஷன் பெட்டி வந்தது. பொன்மலர் பிளஸ் டூ முடித்துவிட்டு, நர்ஸ் படிப்புக்கு எழுதிப் போட்டிருந்தாள். சுந்தர்ராஜ் அதே தாற்காலிகத்தில் நிரந்தரமாக இருந்தான். மாடிப்படி ஏறினால் நடுவில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளவேண்டி வந்தது. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வருஷம்தான் டெல்லியிலிருந்து உயர் அதிகாரி ஒருவர் நேரில் வருவதாகத் தகவல் வந்தது. அவருக்கு முன்னால் ஒரு முழுச் சுருட்டைச் சாம்பல் விழாமல் மதிப்பிட்டுக் காட்டவேண்டும். நன்றாகச் செய்தால் அன்றே நிரந்தரம் என்று இயக்குநர் வாக்குக் கொடுத்தார்.

விடியும்போதே ஜெயபுஷ்பம் அவன் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். பஸ் வரும் நேரத்தில் வாசலில் நின்று, "இரும மாட்டீங்க இல்ல?" என்றாள்.

"மாட்டேன்."

"இன்னைக்கு ஒரு நாளு. அப்புறம் வூட்ல வந்து எவ்ளோ வேணா இருமிக்கலாம்."

உயர் அதிகாரி தொங்குகிற எருமைத்தோலுக்குக் கீழே போட்ட சோபாவில் உட்கார்ந்தார். சுந்தர்ராஜ் நெருப்பு வைத்தான். இழுத்தான். விழுங்கினான். புகை ஒரு இழைகூட வெளியே வரவில்லை. சாம்பல் வளர்ந்தது. பாதிச் சுருட்டில் நெஞ்சுக்குள்ளே பூனை பிறாண்டுவது மாதிரி ஒன்று கிளம்பித் தொண்டைவரை வந்தது. சங்கீதம் மறந்துவிட்டது. வெயில் மூஞ்சில அடிக்கிற வரைக்கும் தூங்கப்போறேன் என்று அவள் சொன்னதுதான் நினைவுக்கு வந்தது. அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டான். கண்களிலிருந்து தண்ணீர் கொட்டியது. சாம்பல் அசையவில்லை. அவன் உள்ளங்கையில் நகம் பதிந்து ரத்தம் கசிந்ததை சர்தார் பாஷா மட்டும் பார்த்தார். "யா அல்லா" என்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதிகாரி எழுந்து கைதட்டினார். அவர் ஆங்கிலத்தில் பேசப் பேச, இயக்குநர் தமிழில் சொன்னார்: "நான் புகைப்பதில்லை. என் குடும்பத்தில் எவரும் புகைப்பதில்லை. நம் நாட்டிலும் ஏழைகள் இதைப் பிடிக்கக்கூடாது என்பதே நமது கொள்கை. இந்தச் சுருட்டுகளை எந்த நாடும் இதுவரை வாங்கவில்லை. ஆயினும் வாங்கினால் எந்தக் குறையும் காணமுடியாது என்ற நிலையை நாம் எட்டியிருக்கிறோம். ஒரு நிலையத்துக்கு இதைவிட வேறென்ன வெற்றி வேண்டும்? இந்த மனிதரின் கண்ணீரைப் பாருங்கள். ரசனையின் உச்சத்தில்தான் இப்படிக் கண்ணீர் வரும். இவரை உடனே நிரந்தரம் செய்யுங்கள்."

நிரந்தரம் ஆகிவிட்டது. ஒரே ஒரு சடங்கு பாக்கி. அரசு வேலையில் நிரந்தரம் ஆகிறவன் உடல்தகுதிச் சான்று வாங்கவேண்டும். ஒருவாரம் கழித்து சுந்தர்ராஜ் வேலூருக்குப் போய், மருத்துவக் குழுவின் முன்னால் சட்டையைக் கழற்றினான். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு பிடிப்பே?"

"நான் பிடிக்கிறதில்ல சார். அது எங்க வேலை."

"பிடிக்கிறவன் எல்லாம் இப்படித்தான் ஏதாவது சொல்றான். நுரையீரல் ரெண்டும் அடுப்புக்கரியா இருக்கு. இதுல பிடிக்கிறதில்லையாம்."

"சத்தியமா சார், வூட்ல ஒரு நாளும் பிடிச்சதில்ல. ஆபீஸ்ல கேட்டுப் பாருங்க."

டாக்டர் நியாயமானவர். உண்மையிலேயே ஆபீஸைக் கேட்டு எழுதினார். 'இந்நிலையத்தில் புகைபிடித்தல் முற்றிலும் தடை செய்யப்பட்டுள்ளது. இங்கு எவரும் புகைப்பதில்லை' என்று இயக்குநர் கையெழுத்திட்டுப் பதில் அனுப்பினார். சுந்தர்ராஜ் திருட்டுத்தனமாகப் புகைக்கிறவன் என்று முடிவாயிற்று. உடல் தகுதியற்றவர். நிரந்தரம் இல்லை. உடல் தகுதியற்றவரைத் தாற்காலிகமாகவும் வைத்துக்கொள்ள விதியில்லை.

இயக்குநருக்கு உண்மையான வருத்தம். "இவ்வளவு நல்ல வேலைக்காரர், இப்படி ஒரு கெட்ட பழக்கமா?" என்றார். "முதல் நாள் கேட்டேனே ஐயா, பிடிப்பதில்லை என்று சொன்னீரே! நான் நம்பினேனே!"

சுந்தர்ராஜ் வாயைத் திறந்தான். பதிலுக்கு இருமினான். அத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்ததெல்லாம் ஒன்றாகக் கிளம்பியது. நிற்கவே இல்லை. கண்ணாடிக் கூண்டின் கதவு திறந்திருந்தது. உள்ளே பாதுகாத்த சாம்பல் எல்லாம் பறந்து, கோப்புகளின்மேலும் இயக்குநரின் வழுக்கையின்மேலும் படிந்தது. அரசுச் சொத்துக்குச் சேதம் என்று அதற்கும் ஒரு மெமோ தயாரானது. வேலையை விட்டு நீங்கியவனுக்கு மெமோ கொடுக்கமுடியாது என்று தெரிந்ததும், இயக்குநர் அதைக் கோப்பில் வைத்துக்கொண்டார்.

வாசல்வரை கூட வந்தார் சர்தார் பாஷா. "பாத்தியா வாத்தியாரே," என்றார். "நான் பர்மனென்ட் கேக்கல. அதனால என் நெஞ்ச ஒரு பயலும் பாக்கல. நான் உள்ளாற இன்னும் வேலைக்குத் தகுதியான ஆளு."

சிரிக்கத்தான் சொன்னார். பிறகு அவரே தோள்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சில நாள் கழித்து, டீக்கடையில் பஜ்ஜி மடித்துக் கொடுத்த பேப்பரில் நிலையத்தின் விளம்பரம் வந்திருந்தது. பொன்மலர் எண்ணெய்க் கறையைத் தள்ளிப் பிடித்து உரக்கப் படித்தாள்.

"சுவை மதிப்பீட்டாளர் தேவை. சுருட்டுப் புகை மதிப்பீட்டில் ஐந்தாண்டு அனுபவம் கட்டாயம். புகைப்பழக்கம் அறவே இல்லாதவராகவும், பழுதற்ற நுரையீரல் உடையவராகவும் இருத்தல் வேண்டும். தாற்காலிகம்."

படித்துவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் பேப்பரை மடித்தாள். நர்ஸ் படிப்புக்குக் கூப்பிட்டிருந்தார்கள், பணம் கட்டக் கடைசி நாள் போய்விட்டது.

ஜெயபுஷ்பம் கஞ்சியை ஆற்றி அவன் கையில் கொடுத்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். "வாசன பாருங்க, அடி பிடிச்சிருச்சா?" என்று கேட்டாள்.

சுந்தர்ராஜ் கிண்ணத்தை முகத்தருகே கொண்டுபோனான். நன்றாக முகர்ந்தான். ஒன்றுமே தெரியவில்லை.

"நல்லாதான் இருக்குது," என்றான்.

"கம்பெனில சூப்பர்வைசரக் கேட்டுட்டேன்மா," என்றாள் பொன்மலர் திடீரென்று. "ஊசி கோக்கத் தெரியுமான்னு கேட்டாரு. தெரியும்னேன்."

மறுநாள் இருட்டு விலகுவதற்குள் தெருமுனையில் விளக்கு வெளிச்சம் தெரிந்தது. சுந்தர்ராஜ் வாசற்படியில் உட்கார்ந்து தடையில்லாமல் இருமிக்கொண்டிருந்தான். பஸ்காரன் ஹாரனை ஒரு தடவைதான் அடித்தான். அதற்குள் இரண்டு பேரும் ஏறிவிட்டார்கள்.